இலவச இசை நாளுக்கு எந்த மைக் செட்? நெல்லையில் வாடகைக்குக் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

ஜூன் 21-ஆம் தேதியை இசை நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1982-இல் பிரான்சில் தொடங்கியது. அங்கே வைத்த விதி எளிமையானது. கேட்க வருபவரிடம் காசு வாங்கக் கூடாது, தெருவிலோ பூங்காவிலோ நடக்க வேண்டும், நேற்றுக் கற்கத் தொடங்கியவருக்கும் மேடை உண்டு, வித்வானுக்கும் உண்டு. இப்படி ஒரு நாளைத் திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ நடத்த நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது மைக் செட்டுக்காரரைத்தான். டிக்கெட் வருமானம் இல்லாத நிகழ்ச்சியில் பெரிய செலவும் அதுதான். அதனால் டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை, மேலப்பாளையம் வட்டாரத்தில் வாடகைக்கு வரும் ஒலி அமைப்புகளை இசை நாளுக்குச் சரிப்படுமா என்ற ஒரே கண்ணோடு இங்கே எடைபோடுகிறோம். கடைப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரே கடையிலிருந்து இன்று ஒரு ஆப்ரேட்டர் வருவார், நாளை வேறொருவர் வருவார். பெயரை நம்புவதைவிட என்ன வகை செட், யார் கை என்று பார்ப்பதே பயன் தரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயிரம் பேர் வரை கூடும் இடத்துக்கு ஆர்கெஸ்ட்ரா செட் எடுங்கள். அதன் மிக்ஸரை (எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்து அளவாக்கும் கருவி) மட்டும் டிஜிட்டலாகக் கேளுங்கள். ஸ்பீக்கர் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தை மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க அவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்), ஸ்டாண்ட், டிஐ பாக்ஸ் (கீபோர்டு, கிடார் சிக்னலை மைக் ஒயரில் அனுப்ப மாற்றித் தரும் சிறு பெட்டி), மேடையில் ஒயர் மாற்ற ஒரு ஆள் என்று போடுங்கள். இங்குள்ள செட்டுகளில் சத்தத்துக்குப் பஞ்சம் கிடையாது. குறைபடுவது இந்த நான்கும்தான்.

நம் பக்கத்தில் மூன்று வகை செட் உண்டு.

முதலாவது கொடை செட். அம்மன் கோயில் கொடைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போவது. பெரும்பாலும் அகுஜா ஆம்ப்ளிஃபையர், நீளப்பெட்டிகள், நூறு வோல்ட் லைன். இந்த ஆட்களின் வேலை பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். மரத்துக்கு மரம் ஒயர் இழுப்பது, கம்பத்தில் பெட்டியைக் காற்றுக்கு அசையாமல் கட்டுவது, மூன்று நாள் விடாமல் ஓட்டுவது எல்லாம் இவர்களுக்குக் கைவந்த கலை. நூறு வோல்ட் லைனில் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஒயர் எவ்வளவு நீண்டாலும் சத்தம் அதிகம் குறையாது. வரிசையாகப் பத்துப் பெட்டி மாட்டலாம். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரும் நீளப்பெட்டியின் சிறு கோன்களும் அடிநாதத்தை விழுங்கிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்கும். தவிலின் தொப்பியும் (ஆழ்ந்த ஒலி தரும் பக்கம்) பேஸ் கிடாரும் கேட்காது. மேடைக்கு மானிட்டரும் வராது. இசைக்கு இதை எடுக்காதீர்கள். அறிவிப்புக்கு எடுங்கள். வண்டி நிறுத்துமிடம், தண்ணீர்ப் பந்தல், வாசல் என்று நாலு நீளப்பெட்டி போட்டால் காணாமல் போன பிள்ளையைத் தேடவும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லவும் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கூம்புக் குழாய் மட்டும் வேண்டாம். போலீஸ் அனுமதியில் பெட்டி வகை ஸ்பீக்கர் மட்டும் என்றுதான் எழுதித் தருவார்கள்.

இரண்டாவது ஆர்கெஸ்ட்ரா செட். கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவுக்குப் போவது. பன்னிரண்டு அல்லது பதினைந்து இஞ்ச் டாப் (குரலுக்கான முக்கிய ஸ்பீக்கர்) இரண்டோ நாலோ, பதினெட்டு இஞ்ச் பேஸ் ஸ்பீக்கர் இரண்டு, ஒரு மிக்ஸர், இரண்டு மானிட்டர், இரண்டு கார்ட்லெஸ் மைக். இசை நாளுக்கு இதுதான் அடித்தளம். இதன் குறை என்னவென்றால், ஒரே குழு மூன்று மணி நேரம் வாசிக்கும் என்று நினைத்துக் கட்டப்பட்ட செட் இது. காலையில் ஒருமுறை மாட்டிவிட்டால் இரவில்தான் கழற்றுவார்கள். பன்னிரண்டு குழு ஏறி இறங்கும் நாளில் அந்தப் பழக்கம் எங்கே இடிக்கும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

மூன்றாவது, டிரஸ் என்ற உலோகச் சட்டத்தில் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் லைன் அரே செட். பெரிய மைதானம் நிறைய ஆள் வரும் என்றால் நியாயமான செலவு. அறுபது மீட்டர் ஆழமுள்ள திடலுக்குத் தேவையில்லை. பக்கத்துக்கு மூன்று பெட்டி மட்டும் தொங்கவிட்டால் அது பெயரளவுக்குத்தான் லைன் அரே. வரிசை நீளமாக இருந்தால்தான் சத்தம் செங்குத்தாகச் சிதறாமல் தூரத்துக்குப் போகும். இன்னொன்று, இந்த செட்டோடு வரும் ஆப்ரேட்டர்கள் பலர் பதிவுசெய்த பாட்டுக்குப் பழகியவர்கள். வயிற்றை அதிர வைக்கும் பேஸ்தான் அவர்களுக்கு நல்ல சவுண்ட். வில்லுப்பாட்டுக்கு அந்தக் கை ஆகாது.

மிக்ஸர் விஷயத்தில் ஏமாறுவது எளிது. "பதினாறு சேனல் மிக்ஸர் இருக்கு" என்பார்கள். உதாரணமாக யமஹா எம்ஜி16எக்ஸ்யு நல்ல மிக்ஸர், நம்பி வாங்கலாம். ஆனால் அதில் மைக் மாட்டக்கூடிய துளை பத்துதான். மீதி ஸ்டீரியோ லைன். டிஐ பாக்ஸிலிருந்து வருவதும் மைக் அளவுச் சிக்னலே என்பதால் அதற்கும் மைக் துளை வேண்டும். ஆக கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை மைக் உள்ளே போகும்?" என்பது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18-இல் பதினாறு மைக் போகும், ஆறு ஆக்ஸ் (மானிட்டருக்கு அனுப்பும் தனி வெளியீடு) வெளியே வரும். எக்ஸ்32-இல் முப்பத்திரண்டு. இரண்டிலும் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் சேமித்து வைத்து அடுத்த முறை ஒரு தட்டலில் கொண்டுவரலாம். இசை நாளுக்கு டிஜிட்டல் மிக்ஸர் கேட்கச் சொல்வது இந்த ஒரு வசதிக்காகவே.

எக்ஸ்ஆர்18 எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் பிடி) கிடையாது. டேப்லெட்டில்தான் ஓட்ட வேண்டும். அதற்குள்ளேயே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. எதிரே ஐந்நூறு செல்போன் வந்து நின்றால் தொடர்பு விட்டுவிட்டு வரும், பாட்டின் நடுவே கை கட்டுப்பட்டுப்போகும். 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றை ஈதர்நெட் ஒயரில் மாட்டி அதன் வழியாக ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். டேப்லெட்டை வெயிலில் வைத்தால் சூடேறித் திரை மங்கும். மிக்ஸர் மேசைக்குத் தலைக்கு மேல் ஒரு துணியாவது கட்டச் சொல்லுங்கள்.

மானிட்டர்தான் இங்குள்ள செட்டுகளில் மிகவும் அலட்சியப்படும் சாமான். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காவிட்டால் சுருதி விலகும், கத்திப் பாடுவார். உடனே ஆப்ரேட்டர் குறைப்பார், அவர் இன்னும் கத்துவார். நாலு மானிட்டர், மேடையின் ஒவ்வொரு பாதிக்கும் (மேடையை ஏன் இரண்டாகப் பிரிப்பது என்பது கீழே வரும்) இரண்டு தனித்தனி மிக்ஸ். இதுதான் குறைந்தபட்சம். அனலாக் மிக்ஸர் என்றால் மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் 'ப்ரீ' நிலையில் (ஃபேடருக்கு முன்பே பிரிந்து போவது) இருக்கிறதா பாருங்கள். 'போஸ்ட்' நிலையில் இருந்தால் கூட்டத்துக்காகக் குரலை ஏற்றும்போதெல்லாம் மானிட்டரிலும் ஏறி ஊளையிடும். மைக்குக்குத் தக்கபடி மானிட்டர் வைக்கும் இடமும் மாறும். ஷூர் எஸ்எம்58 கார்டியாய்டு வகை; நேர் பின்பக்கம்தான் அதற்குக் காது மந்தம். மானிட்டரைப் பாடகருக்கு நேர் எதிரே வையுங்கள். பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு. அதற்குப் பின்பக்கத்தில் சற்றே காது உண்டு, மந்தமான இடம் இரு பின்சாய்வுகளிலும் இருக்கிறது. அதற்கு மானிட்டரை ஓரமாகச் சாய்த்து வைக்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பாடினால் எந்த மைக்கும் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடையேறும் முன் இதை ஒரு நிமிடம் செய்துகாட்டுங்கள். பாதி ஊளை அங்கேயே நிற்கும்.

இனி நம் ஊர் வாத்தியங்கள். ஆர்கெஸ்ட்ரா செட்டுக்காரர்கள் கீபோர்டையும் ரிதம் பேடையும் நன்றாகக் கையாள்வார்கள். கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, நாகஸ்வரம் என்று வரும்போதுதான் தரம் தெரியும்.

நாகஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே தெருவை நிரப்புபவை. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தவிலுக்கு மைக் தேவையே இல்லை. நாகஸ்வரத்துக்கு ஒரு மைக் போதும், அதுவும் தூரத்து ஸ்பீக்கருக்காக. அணசுக்கு (குழலின் விரிந்த அடிமுனை) நேரே வைத்தால் ஒரு சில ஸ்வரங்கள் மட்டும் பாய்ந்து வரும், மேல் ஸ்வரங்கள் மெலியும். நாதம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒன்றரை அடி தள்ளி, அணசுக்கும் விரல் துளைக்கும் நடுவே பார்க்க வையுங்கள். வாசிக்கும்போது வித்வான் குழலை ஆட்டுவார் என்பதால் இன்னும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கெயினை (மைக்கின் சிக்னலை மிக்ஸர் பெருக்கி வாங்கும் அளவு) முதலிலேயே தாழ்த்திவிட வேண்டும். முந்தைய பாடகருக்கு வைத்த கெயினோடு நாகஸ்வரத்தைத் திறந்தால் உடைந்த சத்தம்தான் வரும். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் நாகஸ்வரம் தகரக்குழாய் மாதிரி கேட்கக் கூடாது. இதில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

வில்லுப்பாட்டுக் குழு தரையில் உட்காரும். நின்று பாடும் ஸ்டாண்டைச் சாய்த்துக் கொடுப்பார்கள். அது குடத்தின் மேல் விழும். குட்டை பூம் ஸ்டாண்ட் நாலு என்று பட்டியலில் எழுதி வாங்குங்கள். புலவருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்காரர் இருவருக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று. வில்லின் மணியும் ஜால்ராவும் குரல் மைக்கிலேயே போதுமான அளவு விழும், தனி மைக் வேண்டாம். குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும்போது உள்ளிருந்து காற்று வெளியே தள்ளப்படுகிறது. மைக்கை வாய்க்கு நேர் மேலே பிடித்தால் அடிக்கடி 'புஸ்' என்ற மோதல்தான் கேட்கும். அரை அடி தள்ளி விளிம்பைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் அந்த ஆழ்ந்த 'கும்' வரும். அதைக் கேட்கத்தான் ஜனம் வருகிறது. மேடைப் பலகை உள்ளே பொள்ளல் என்பதால் அடியெல்லாம் ஸ்டாண்டு வழியாக மைக்கில் ஏறும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். குரல் சேனல்களில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், குடத்தில் மட்டும் வெட்டக் கூடாது.

கணியான் கூத்துக்கு மகுடம் என்ற தோல்வாத்தியம் இரண்டு, உச்சமும் மந்தமும். தோலைத் தீயில் காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள், நிகழ்ச்சி நடுவிலும் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். இதற்கு இடம் ஒதுக்காத ஏற்பாட்டாளர்கள்தான் அதிகம். மேடைக்குப் பின்னால் ஒயர் ஓடாத இடத்தில், ஜெனரேட்டர் டீசலுக்கு எட்டாத தூரத்தில், ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, காற்று மறைவில் அந்த இடத்தை அமைத்துக் கொடுங்கள். ஆடுபவர்கள் சுழன்று வருவதால் மேடைத் தரையில் ஒயர் குறுக்கே போகக் கூடாது. அண்ணாவியையும் (முதன்மைப் பாடகர்) பின்பாட்டுக்காரரையும் மகுடக்காரர்களையும் ஒரு ஓரமாக நிறுத்தி, எல்லா மைக்கையும் அந்தப் பக்கமே வைத்து, முக்கால் மேடையைக் காலியாக விடுங்கள். சலங்கைக்கு மைக் வேண்டாம்.

அரசு இசைப்பள்ளி மாணவர்கள் வந்தால் மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என இரண்டு, வயலினுக்கு மேலிருந்து ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று சுருக்கமாக முடிந்துவிடும். தேவாலயப் பாடகர் குழு முப்பது பேர் வந்தால் ஆளுக்கொரு மைக் என்று ஓடாதீர்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும்படி இரண்டோ மூன்றோ மைக் வைத்தால் போதும். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் வெவ்வேறு நேரத்தில் விழுந்து சத்தம் பொள்ளலாகும்.

இப்போது குழு மாறும் நேரம். பன்னிரண்டு குழு, ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் 240 நிமிடம். இடையே பதினொரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் போனால் 165 நிமிடம் கூடும். மாலை 4 மணிக்குத் தொடங்கியது இரவு 10.45-க்குத்தான் முடியும். ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். கடைசிக் குழு, பெரும்பாலும் மூத்த கலைஞர்கள், பாடாமலே வீடு திரும்புவார்கள். அதே மாற்றத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தால் 8.55-க்கு எல்லாம் முடிந்துவிடும். செட்டின் விலை, பிராண்டு எல்லாவற்றையும்விட இந்தப் பத்து நிமிட வித்தியாசம்தான் பெரிது.

ஐந்து நிமிடத்தில் மாற்றுவதற்கு ஒரே வழி மேடையை இரண்டாகப் பிரிப்பது. 24 அடி அகலம் இருந்தால் இடது பாதியில் உட்கார்ந்து வாசிப்பவர்கள், வலது பாதியில் நின்று வாசிப்பவர்கள். ஒரு பாதியில் கச்சேரி நடக்கும்போது மறுபாதியில் அடுத்த குழு உட்கார்ந்து ஒயர் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாதிக்கும் எட்டு இணைப்புள்ள ஸ்டேஜ் பாக்ஸ் (மைக் ஒயர்களை மேடையிலேயே மாட்டும் பெட்டி) ஒன்று. உட்காரும் பக்கத்தில் குரல் 2, வயலின் 1, மிருதங்கம் 2, கடம் அல்லது கஞ்சிரா 1, தம்புரா 1, உபரி 1. நிற்கும் பக்கத்தில் குரல் 2, கீபோர்டு, கிடார், பேஸ் கிடார் மூன்றுக்கும் டிஐ, டிரம்ஸுக்கு கிக், ஸ்னேர், மேலே ஒன்று. மொத்தம் பதினாறு, எக்ஸ்ஆர்18-இன் பதினாறு மைக் துளைக்கும் சரியாகப் பொருந்தும். அறிவிப்பாளரின் கார்ட்லெஸ் ரிசீவரில் லைன் வெளியீடு இருக்கும், அது 17-ஆவது லைன் துளைக்குப் போய்விடும். ஒயரின் இரு முனையிலும் ஒரே நிற டேப், ஒரே எண். அடுத்த குழுவின் மைக்குகளை ஆப்ரேட்டர் மியூட் செய்தபடியே ஹெட்ஃபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 'ஹலோ மைக் டெஸ்டிங்' கூட்டத்தின் காதில் விழவே கூடாது.

டிஐ பாக்ஸ் என்றால் சில கடைகளில் முகம் பார்ப்பார்கள். கீபோர்டிலிருந்து பி-38 பின் (கால் இஞ்ச் ஜாக்) ஒயரை முப்பது மீட்டர் இழுத்து நேரே மிக்ஸரில் மாட்டுவது இங்கே வழக்கம். அந்த ஒயர் பேலன்ஸ்டு (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) இல்லை. வழியில் உள்ள லைட் டிம்மர், ஜெனரேட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். நாலு டிஐ கட்டாயம். 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் டிஐ-யில் உள்ள கிரவுண்ட் லிஃப்டைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சரிசெய்யும் ஆளை மேடையருகே விடாதீர்கள். உயிர் போகும் வேலை அது.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றைப் பற்றி வெளியூர் செட்டுக்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மேடையின் முதுகு மேற்கே இருக்கட்டும். காற்றோடு போகும் சத்தம் கீழ்நோக்கி வளைந்து தூரம் போகும். எதிர்க்காற்றில் மேலே வளைந்து தொலைந்துவிடும். மேற்கு பார்த்த மேடை போட்டால் கடைசி வரிசைக்கு வார்த்தை விட்டுவிட்டுத்தான் கேட்கும். கிழக்கு பார்த்த மேடையில் கூட்டத்தின் கண்ணில் சாயங்கால வெயில் அடிக்கும். அதற்கு மேடைக்குப் பின்னால் மறைப்பு வேண்டும். அது ஃப்ளெக்ஸ் பேனராக இருந்தால் பாய்மரமாகி டிரஸ்ஸையே இழுக்கும். காற்று புகுந்து போகும் வலைத்துணி கட்டுங்கள். டிரைபாட் மேல் நிற்கும் டாப் ஒவ்வொன்றின் காலிலும் மணல் மூட்டை வேண்டும். எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை கேளுங்கள். இரண்டு ரூபாய்ப் பஞ்சா என்று சிரிப்பார்கள், விடாமல் கேளுங்கள்.

அதே காரணத்தால் ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் நிற்கக் கூடாது. இங்கே எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். மேற்கே நின்றால் புகையும் இரைச்சலும் நேரே மைக்குக்கும் ஜனத்துக்கும் வரும். வடக்கிலோ தெற்கிலோ முப்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அளவு விஷயத்தில், மண்டப ஏசிக்கு ஓட்டும் 62.5 கேவிஏ வண்டியை அனுப்பப் பார்ப்பார்கள். நாலு டாப், இரண்டு பேஸ், நாலு மானிட்டர், எல்இடி விளக்கு எல்லாவற்றுக்கும் 15 முதல் 25 கேவிஏ தாராளம். 15 கேவிஏ என்பதே சுமார் 12 கிலோவாட். பெரிய டீசல் எஞ்சினை அதன் திறனில் முப்பது சதவீதத்துக்கும் கீழே மணிக்கணக்கில் ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் உள்ளே படியும், டீசலும் வீண். மூன்று ஃபேஸ் வண்டி என்றால் விளக்கு ஒரு ஃபேஸ், ஒலி முழுக்க இன்னொரு ஃபேஸ். சரக்கை மாட்டும் முன் நியூட்ரல் இணைப்பு முறுக்கமாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கவும், மீட்டரில் 230 வோல்ட் காட்டிய பிறகே மிக்ஸரை ஆன் செய்யவும். நியூட்ரல் நழுவினால் 230 வோல்ட் சாமானுக்கு நானூறை நெருங்கி ஏறலாம். ஒரு நொடியில் மிக்ஸர், கீபோர்டு, டேப்லெட் சார்ஜர் எல்லாம் போகும்.

எவ்வளவு சத்தம் என்ற கேள்விக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிடப் பத்து டெசிபல் மட்டும் கூடலாம், அல்லது 75 டெசிபல். எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 என்பதால் எல்லை 65. கடைவீதிக்கு 65 என்பதால் 75. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ ஆறு டெசிபல் குறையும். மேடையிலிருந்து பத்து மீட்டரில் 90 வைத்தால் எண்பது மீட்டரில் 72, நூற்று அறுபது மீட்டரில் 66. வீடுகள் சூழ்ந்த பாளை பூங்கா ஒன்றில் இது கட்டாது. அங்கே பெரிய டாப்பை முறுக்குவதற்குப் பதில் முன்னால் இரண்டு, முப்பது மீட்டரில் இரண்டு சிறிய டாப் என்று பிரித்து வைத்து எல்லாவற்றையும் தாழ்த்தி ஓட்டுங்கள். பின்னால் வைத்த டாப்புக்கு டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவது) போட வேண்டும். நம் வெயிலில் சத்தம் நொடிக்கு 350 மீட்டர் போகும். முப்பது மீட்டருக்கு 86 மில்லி செகண்ட். அதோடு பத்து கூட்டி 96 வைத்தால் சத்தம் மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். டிலே போடாவிட்டால் ஒவ்வொரு ஜதியும் இரண்டு முறை விழும். பல ஆப்ரேட்டர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எழுதிக் கையில் கொடுத்தால் சந்தோஷமாகவே போடுவார்கள்.

இடம் பார்க்கும்போது ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிகள் இவற்றிலிருந்து நூறு மீட்டர் விலகியிருங்கள். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் மாலை பாங்கு நேரத்துக்குக் குழு மாற்றத்தை அமைத்துவிடுங்கள். போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும், அதற்காகத் தேதிக்கு முன்பே போய் அலைய வேண்டும். தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும். கொடியேறிவிட்டால் டவுனில் போலீஸும் கிடைக்காது, நல்ல செட்டும் கிடைக்காது. ஜூன் 21 காலையில் யோகா தினத்துக்காக மைதானங்கள் போய்விடுவதும் உண்டு. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிறு முன்பின் தள்ளுவதில் தவறில்லை.

சினிமாப் பாட்டு பாடலாமா என்று கேட்பவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டம் 52(1)(எல்) பிரிவின்படி, தொழில்முறை அல்லாத சங்கமோ மன்றமோ கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் பாடுவதும் வாசிப்பதும் மீறல் ஆகாது. காசு வாங்கும் மெல்லிசைக் குழுவை வைத்தால் இந்தச் சலுகையை நம்பாமல் ஐபிஆர்எஸ் (பாட்டின் பதிப்புரிமையைக் கவனிக்கும் சங்கம்) உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இடைவேளையில் பதிவுசெய்த பாட்டைப் போடுவதற்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

வாடகை பேசப் போகும்போது "அண்ணாச்சி, எவ்வளவு?" என்று தொடங்காதீர்கள். "அண்ணாச்சி, எத்தனை மைக் உள்ளே போகும்? மானிட்டருக்குத் தனி மிக்ஸ் எத்தனை? டிஐ எத்தனை, குட்டை ஸ்டாண்ட் எத்தனை? டிலே போடுவீங்களா? அன்னைக்கு யார் உட்காருவா, நீங்களா, பையனா?" என்று தொடங்குங்கள். முதல் நாலுக்கும் எண்ணாகப் பதில் சொல்பவரிடம் செட் எடுக்கலாம். "எல்லாம் இருக்கு, பாத்துக்கலாம்" என்பவரிடம் அறிவிப்புக்கு நீளப்பெட்டி மட்டும் எடுங்கள். செட் வாடகை, ஆள் பேட்டா, வண்டி, டீசல் நான்கும் தனித்தனி. எது யார் தலையில் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மதியம் ஒரு மணிக்கு ஒயர் இழுத்து முடிய வேண்டும், மூன்றுக்குள் இரு பாதியிலும் ஒவ்வொரு இணைப்பையும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று நேரத்தையும் அதிலேயே போடுங்கள். ஆட்களுக்கு மதியச் சாப்பாடும் நிழலும் உங்கள் பொறுப்பு.

குழுக்களிடம் ஒரு வாரம் முன்பே ஒரு தாள் வாங்க வேண்டும். எத்தனை பேர், உட்கார்ந்தா நின்றா, என்னென்ன வாத்தியம், எத்தனை குரல், பிளக் பாயின்ட் தேவையா என்று ஐந்து வரி. அதைப் பார்த்து உட்காரும் குழு, நிற்கும் குழு என மாற்றி மாற்றி வரிசை போட்டு, ஆப்ரேட்டருக்கு ஒரு படியும் மேடையில் ஒயர் மாற்றும் ஆளுக்கு ஒரு படியும் கொடுங்கள். அந்த ஆள் செட்டுக்காரரின் ஆளாக இல்லாமல் உங்கள் ஆளாக இருப்பது நல்லது. நாள் முழுக்க மேடையை விட்டு அவர் இறங்கக் கூடாது. இரவு செட்டைக் கட்டும்போது மைக், ஒயர், டிஐ எண்ணிக்கையைப் பட்டியலோடு சரிபார்ப்பதும் அவர் வேலை. மீதிப் பணத்தை வண்டி ஏற்றும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.